பாசிக் குளத்தோடு ஒன்றரை வருஷம்: தண்ணீருக்கு நான்கு நட்சத்திரம், எண்ணெய்க்கு ஒன்று

தொட்டிச் சுவரில் பாசி பிடித்தால் ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பதினான்கு வருஷமாக நான் செய்துவரும் வேலைகளில் அதுவும் ஒன்று. இப்போது ஒன்றரை வருஷமாக அதே பாசி செத்துப்போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

பால் பொருட்கள் தயாரிக்கும் ஓர் ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என் பொறுப்பில் இருக்கிறது. அங்கே ஒரு நிறுவனம் நுண்பாசிக் குளம் அமைத்துக் கொடுத்தது. கட்டுமானம், விதைப் பாசி, மாதம் ஒரு முறை ஆள் வந்து பார்ப்பது, கூடவே பாசியிலிருந்து பயோடீசல் எடுக்கும் ஒரு சின்ன யூனிட் என்று எல்லாம் ஒரே ஒப்பந்தம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்தச் சேவையை வாங்க நினைக்கிறவர்களுக்கு எது வேலை செய்கிறது, எது விளக்கப் புத்தகத்தில் மட்டும் ஓடுகிறது என்று சொல்வதற்காக எழுதுகிறேன்.

முதலில் குளம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஓட்டப்பந்தயத் தடம் மாதிரி நீள்வட்டம், நடுவில் ஒரு தடுப்புச் சுவர். ஆழம் 30 சென்டிமீட்டர்தான், முழங்கால்கூட நனையாது. ஒரு முனையில் துடுப்புச் சக்கரம் மெதுவாகச் சுற்றி, விநாடிக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வேகத்தில் தண்ணீரை நகர்த்திக்கொண்டே இருக்கும். அடர்ந்த பாசித் தண்ணீரில் வெளிச்சம் சில சென்டிமீட்டருக்குக் கீழே போகாது. அதனால் அடியில் இருக்கிறது மேலே வர வேண்டும், மேலே இருக்கிறது கீழே போக வேண்டும். சக்கரம் நின்றால் பாசி அடியில் படிந்து அழுகும். மோட்டார் பெல்ட் அறுந்து ஒரு நாள் நின்றதில் வந்த நாற்றம் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வில்லியம் ஆஸ்வால்ட் 1950களிலேயே இப்படிப்பட்ட குளங்களில் கழிவுநீரைச் சுத்தம் செய்து காட்டினார். பாக்டீரியா கழிவைத் தின்று கார்பன் டை ஆக்சைடு விடும். பாசி அதை எடுத்துக்கொண்டு ஆக்சிஜன் விடும். அந்த ஆக்சிஜன் பாக்டீரியாவுக்கே போகும். நாம் மின்சாரம் கொடுத்து ப்ளோவரில் ஊதுகிற காற்றை வெயிலே ஊதிவிடுகிறது. தத்துவம் இவ்வளவுதான்.

எங்கள் ஆலையில் காற்றில்லாத் தொட்டியைத் தாண்டி வரும் நீரில் லிட்டருக்கு சி.ஓ.டி. (கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) 400, அமோனியா நைட்ரஜன் 60 மில்லிகிராம் வரை இருக்கும். அந்த அமோனியாதான் எனக்கு வருஷக்கணக்கில் தலைவலி. ஒரு கிலோ அமோனியா நைட்ரஜனை பாக்டீரியாவை வைத்து நைட்ரேட்டாக மாற்ற சுமார் 4.6 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அவ்வளவையும் ப்ளோவர்தான் ஊத வேண்டும். மொத்தக் கழிவுநீரில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது நாளுக்கு 40 கிலோலிட்டரை, பாசிக் குளத்துக்குத் திருப்பினோம். தலா 400 சதுர மீட்டரில் இரண்டு குளங்கள். அந்தப் பங்கு நீருக்கு மட்டும் முன்பு ப்ளோவர் நாளுக்கு 60 யூனிட்டுக்கு மேல் இழுத்தது. இப்போது இரண்டு சக்கரங்களும் சேர்ந்து 22 யூனிட்டில் முடித்துவிடுகின்றன. இந்த ஒரு கணக்கில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் அமோனியா கணக்கில் ஒரு சின்னத் தில்லுமுல்லு நடந்தது. ஒப்படைக்கும் நாளில் அவர்கள் காட்டிய முடிவு 6 மில்லிகிராம். அடுத்த வாரமும் 6, அதற்கடுத்த வாரமும் 7. எனக்கே நம்ப முடியவில்லை. இரவுப் பணி ஆபரேட்டர்தான் ஒரு நாள் லாக் புக்கைக் காட்டி, "சார், நம்ம ரீடிங் விடியக்காலையில வேற மாதிரி வருதே" என்றார். பார்த்தால், அவர்களுடைய ஆள் எடுத்த மாதிரிகள் எல்லாமே பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்தவை.

பாசிக் குளத்துக்குப் பகல் ஒரு முகம், இரவு ஒரு முகம். வெயில் ஏற ஏறப் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச, நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். ஏறும். எங்கள் குளத்தில் மூன்று மணிக்கு 9.6, கரைந்த ஆக்சிஜன் 18. ஆக்சிஜனை அளக்கும் டி.ஓ. மீட்டர் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். வெயிலில் நின்று பார்த்தால் தண்ணீரிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்புவது கண்ணுக்கே தெரியும். இருட்டினால் பாசியும் மூச்சுவிட ஆரம்பித்துவிடும். விடியற்காலை ஐந்து மணிக்கு அதே குளத்தில் பி.எச். 7.8, ஆக்சிஜன் 1-க்கும் கீழே. அமோனியாவும் அதற்கேற்ப ஏறி இறங்கும். 24 மணி நேரமும் விட்டு விட்டு எடுத்துக் கலந்த கூட்டு மாதிரியைப் பார்த்தபோது உண்மையான சராசரி 10, 11 என்று வந்தது. அதுவே நல்ல முடிவுதான். 60-ஐ 11 ஆக்கியதற்கு நான் கை தட்டியிருப்பேன். 6 என்று காட்டியதால்தான் சந்தேகம் வந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. குறைந்த அமோனியா எல்லாம் பாசி வயிற்றுக்குள் போகவில்லை. எங்கள் குளத்தில் நாளுக்கு ஏறக்குறைய 12 கிலோ காய்ந்த எடைப் பாசி விளைகிறது. அதன் எடையில் நைட்ரஜன் 8 சதவீதம் என்றால் ஒரு கிலோ வரும். குறைவதோ நாளுக்கு இரண்டு கிலோ. மீதியில் கொஞ்சம் பாக்டீரியா நைட்ரேட்டாக்குகிறது, கொஞ்சம் பி.எச். ஏறிய நேரத்தில் வாயுவாகக் காற்றில் போய்விடுகிறது. 'முழுவதும் உயிரியல் மறுசுழற்சி' என்று புத்தகத்தில் அச்சடித்திருப்பதில் பாதியை அடித்துவிடலாம். பாஸ்பேட்டிலும் ஒரு பகுதி பி.எச். உயர்வால் சுண்ணாம்போடு சேர்ந்து அடியில் படிவதுதான். ஆனாலும் பாதிக்கு மேல் குறைகிறது, அதற்கென்று தனி ரசாயனம் போடவில்லை.

அப்புறம் அறுவடை. வாங்குகிறவர்கள் யாரும் கேட்காத கேள்வி இது. நானும் கேட்கவில்லை.

குளத்திலிருந்து வரும் நீரில் ஒரு லிட்டருக்கு 0.3 கிராம் பாசி இருக்கும். பச்சைப்பசேல் என்று கண்ணுக்கு அடர்த்தியாகத் தெரிந்தாலும் அவ்வளவுதான். ஒரு கிலோ காய்ந்த பாசி வேண்டுமென்றால் மூன்று டன்னுக்கு மேல் தண்ணீரைக் கையாள வேண்டும். விதையாகக் கொடுத்த குளோரெல்லா என்ற பாசியின் செல் ஒன்று சில மைக்ரான் அளவுதான், அது தானாக அடியில் உட்காராது. சரி, எண்ணெய் வேண்டாம், விட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியாது. அந்தத் தண்ணீரை அப்படியே வெளியே விட்டால் டி.எஸ்.எஸ். (நீரில் மிதக்கும் திடப்பொருள்) 300, பாசி செத்து அழுகினால் அதுவே புதிய சி.ஓ.டி. அமோனியாவை எடுத்துவிட்டு அழுக்கைப் பச்சை நிறத்தில் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அறுவடை செய்தே ஆக வேண்டும். அதன் செலவு தண்ணீர்க் கணக்கில் விழுவது, எரிபொருள் கணக்கில் இல்லை. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் இந்தச் சேவையை எப்படி எடைபோடுவது என்றே எனக்குத் தெரிந்தது.

அவர்கள் முதலில் கொடுத்தது, வேகமாகச் சுழற்றிப் பாசியைப் பிரிக்கும் ஒரு சென்ட்ரிஃபியூஜ். முழு நீரையும் அதில் ஓட்டினால் கிலோலிட்டருக்கு ஒரு யூனிட்டுக்குக் குறையாமல் இழுத்தது. சக்கரத்தில் மிச்சப்படுத்தியதை அங்கே கொட்டினோம். படிகாரம் போட்டுப் பார்த்தோம். நன்றாகத் திரண்டது, ஆனால் பாசியோடு அலுமினியமும் சேர்ந்து வந்தது. பிறகு அதை உரமாகவோ வேறெதற்கோ கொடுக்க மனம் வரவில்லை.

இதற்கு வழி சொன்னது அதே நிறுவனத்தின் ஒரு இளம் பொறியாளர். மூன்றாவது மாதம் வந்தவர். படிவுத் தொட்டியில் தானாக உட்கார்ந்த பாசியில் ஒரு பங்கை தினமும் குளத்துக்கே திருப்பி விடச் சொன்னார். உட்காரும் குணமுள்ள கூட்டம் குளத்தில் பெருக, மிதக்கிற கூட்டம் நீரோடு வெளியேறிவிடும் என்பது கணக்கு. நான் தலையாட்டினேனே தவிர நம்பவில்லை. ஐந்து வாரம் கழித்து ஒரு லிட்டர் அளவுகோல் குடுவையில் எடுத்து வைத்தேன். அரை மணி நேரத்தில் அடியில் இரண்டு விரல்கடை பச்சைச் சகதி, மேலே லேசான மஞ்சள் சாயலில் தெளிந்த நீர். பதினான்கு வருஷத்தில் ஸ்லட்ஜ் உட்காருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அன்றைக்கு மட்டும் ஆபரேட்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். இப்போது சென்ட்ரிஃபியூஜுக்குப் போவது 40 கிலோலிட்டர் இல்லை, 600 லிட்டர். இந்த ஒரு யோசனைக்காகவே ஒரு நட்சத்திரம் கூடப் போட்டிருக்கிறேன்.

இனி எண்ணெய்க் கதை. விதை கொடுக்கும்போது சொன்னது: "தேர்ந்தெடுத்த குளோரெல்லா, 35 சதவீதம் எண்ணெய்." திறந்த குளத்தில் தேர்ந்தெடுத்த விதை எத்தனை நாள் நிற்கும்? ஆறாவது வாரம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நான்கு நான்காக ஒட்டிக்கொண்டு, ஓரத்தில் முள் நீட்டிய சீனிடெஸ்மஸ் என்ற வேறு பாசிதான் எங்கே பார்த்தாலும். காற்றிலும் தண்ணீரிலும் தானாக வந்தது. அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை நடத்திய நீர்வாழ் உயிரினத் திட்டத்தில் 3,000-க்கும் மேற்பட்ட பாசி வகைகளைச் சேகரித்தார்கள். ஆய்வகத்தில் வளர்த்த வகையைத் திறந்த குளத்தில் விட்டால் அந்த இடத்துப் பாசி வந்து குடியேறிவிடும் என்று அப்போதே பார்த்துவிட்டார்கள். விற்க வந்தவர் அதைச் சொல்லவில்லை, நானும் அப்போது படித்திருக்கவில்லை.

வெளி ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் எண்ணெய் 17 சதவீதம் வந்தது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பாசி எண்ணெயைச் சேர்த்து வைப்பது பட்டினி கிடக்கும்போதுதான். நைட்ரஜன் கிடைக்காமல் போனால் பெருகுவதை நிறுத்திவிட்டுக் கொழுப்பாகப் பதுக்கும். கழிவுநீரிலோ நைட்ரஜன் கொட்டிக் கிடக்கிறது. வயிறு நிறையத் தின்று தின்று பெருகுமே ஒழியச் சேமிக்காது. நைட்ரஜனை எடுக்க வளர்க்கிற பாசியிடமே எண்ணெயும் நிறையக் கேட்டால் எப்படி?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 12 கிலோ பாசி, அதில் 17 சதவீதம் என்றால் இரண்டு கிலோ. அதிலும் பச்சையம், செல் சவ்வுக் கொழுப்பு என்று டீசலாக மாறாதவை கழிந்தால் ஒரு கிலோ. பயோடீசலாக ஒரு லிட்டரும் கொஞ்சமும். 800 சதுர மீட்டரில் நாள் முழுக்க விழுந்த வெயிலின் விளைச்சல் அது. அதற்குள் இருக்கும் சக்தி சுமார் 10 யூனிட். அதை எடுக்க முதலில் பாசியைக் காய வைக்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜிலிருந்து வரும் பசையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 60 கிலோ பசையிலிருந்து 48 கிலோ தண்ணீரை ஆவியாக்க, ஒரு துளி வெப்பமும் வீணாகாமல் போனாலே 34 யூனிட் ஆகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இதற்கு மேல் மெத்தனால், வினையூக்கி, கரைப்பான், அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கும் தொல்லை. மூன்று மாதம் ஓட்டிவிட்டு அந்த யூனிட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இது எங்கள் கையாலாகாத்தனம் மட்டும் இல்லை. எக்ஸான் மொபில் எண்ணெய் நிறுவனம் 2009-இல் மரபணு விஞ்ஞானி கிரெய்க் வென்டரின் சிந்தெடிக் ஜீனோமிக்ஸோடு சேர்ந்து 60 கோடி டாலர் வரை போடுவோம் என்று பாசி எரிபொருளில் இறங்கியது. அந்த ஆராய்ச்சியிலிருந்து அது விலகிவிட்டதாக 2023-இல் செய்தி வந்தது. ஈரப் பசையை அப்படியே 300 டிகிரிக்கு மேல், நூறு மடங்குக்கு மேற்பட்ட காற்றழுத்தத்தில் வேகவைத்துக் கச்சா எண்ணெய் ஆக்கும் முறை இருக்கிறது. அதில் காய வைக்கும் செலவு இல்லை. ஆனால் அது பெரிய ஆலைகளின் வேலை, நாளுக்கு 12 கிலோ பாசியை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சை எடுக்க முடியாது.

பாசியை இப்போது என்ன செய்கிறோம் என்றால், பசையை அப்படியே, காற்றில்லாமல் கழிவைச் செரிக்க வைத்து எரிவாயு எடுக்கும் செரிகலனில் தள்ளிவிடுகிறோம். கொழுப்புச் சகதிக்காக எங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. காய வைக்க வேண்டாம், எண்ணெய் எத்தனை சதவீதம் என்று கவலைப்பட வேண்டாம், எந்தப் பாசி குளத்தைப் பிடித்தாலும் சரிதான். இரண்டரை கன மீட்டர் அளவுக்கு மீத்தேன் வருகிறது, வெப்பமாக 25 யூனிட். டீசலில் கிடைத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பாசியை மட்டும் தனியாகப் போட்டால் நைட்ரஜன் அதிகமாகி அமோனியா செரிகலனை மந்தமாக்கும். கொழுப்புச் சகதியில் கார்பன் அதிகம், இரண்டும் சேர்ந்தால் ஒத்துப்போகிறது. ஒரே சங்கடம், செரித்த பிறகு வரும் தெளிநீரில் பாசி எடுத்த நைட்ரஜனில் கணிசமான பங்கு மறுபடி கரைந்து வந்து குளத்துக்கே திரும்புகிறது. அதைக் குளத்து வரவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பெயினின் சிக்லானா நகரில் ஊர்க் கழிவுநீரில் பாசி வளர்த்து, இதே மாதிரி மீத்தேன் எடுத்துச் சுத்தம் செய்து கார்களை ஓட்டிக் காட்டினார்கள். பாசியில் வண்டி ஓடும் என்பது பொய் இல்லை. டீசல் வண்டியாகத்தான் ஓட வேண்டும் என்று அடம்பிடித்தால்தான் சிக்கல்.

'உங்கள் பாய்லர் புகையைப் பாசி விழுங்கிவிடும்' என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ பாசி வளர சுமார் 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு வேண்டும். எங்கள் 12 கிலோவுக்கு 22 கிலோ. எட்டு லிட்டர் டீசல் எரித்தால் வருகிற அளவு. எங்கள் பாய்லர் அதைக் கொஞ்ச நேரத்தில் கக்கிவிடும். புகைக் குழாய் இணைப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சேவை எப்படி என்று கேட்டால், இரண்டு சம்பவம். முதலாவது எங்கள் தப்பு. எந்திரங்களைக் கழுவும் கிருமிநாசினியை ஆலையில் மாற்றியிருந்தார்கள், எங்களிடம் சொல்லவில்லை. அதில் இருந்தது குவாட்டர்னரி அமோனியம். நீச்சல் குளத்தில் பாசியைக் கொல்வதற்கென்றே விற்கிற வகைச் சரக்கு அது. இரண்டே நாளில் ஒரு குளம் சாம்பல் பூத்துவிட்டது. அந்தப் பொறியாளர் அன்று மாலையே வந்தார், விதைப் பாசியும் கொண்டுவந்தார். குறை சொல்ல முடியாது.

இரண்டாவது, ரோடிஃபர் என்ற நுண்ணிய பிராணி. ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது, "சார், குளம் கலர் மாறிடுச்சு, தரை தெரியுது." தரை தெரிகிறது என்றால் பாசி இல்லை என்று அர்த்தம். ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், தலையில் இரண்டு சக்கரம் சுழல்வது போலத் தோன்றும் பிராணிகள், வயிறு முழுக்கப் பச்சையாக, பாசியை உறிஞ்சிக்கொண்டு திரிகின்றன. பார்க்க அழகுதான், அதுவரை நான் கண்டதில்லை. நிறுவனத்துக்குப் போன் அடித்தால் மூன்று நாள் எடுக்கவே இல்லை. நாங்களே அமோனியா மிகுந்த நீரைப் பிற்பகலில், பி.எச். உச்சத்தில் இருக்கும்போது ஒரு குளத்தில் கூடுதலாக விட்டோம். அந்த நேரத்தில் அமோனியா விஷம் மாதிரி, பாசியைவிட ரோடிஃபருக்கு அதிகம். அந்தக் குளம் பிழைத்தது. மற்றதைக் காலி செய்து இதிலிருந்து விதை எடுத்துப் போட்டோம், பழைய நிலைக்கு வர மூன்று வாரம் ஆனது. நாலாம் நாள் போனை எடுத்தவர், "நீங்களே சரி பண்ணிட்டீங்களே சார்" என்றார். அதற்கு ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன்.

வாங்க நினைக்கிறவர்கள் இடத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். எங்கள் மொத்த நீருக்கும் என்றால் 4,000 சதுர மீட்டர் வேண்டும், அவ்வளவு இடம் எங்களிடம் இல்லை. பழைய ப்ளோவரை விற்றுவிடாதீர்கள். எட்டு நாள் தொடர்ந்து மேகம் மூடியிருந்தபோது அமோனியா 28-க்கு ஏறியது, ப்ளோவர்தான் காப்பாற்றியது. சாய ஆலையில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார், இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னேன். நிறம் இறங்காத நீருக்குள் வெளிச்சமே போகாது. தோல் பதனிடும் இடத்திலும் யோசித்துச் செய்யுங்கள், குரோமியத்தைப் பாசி பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் சுத்தமாகும், பாசி அபாயக் கழிவாகிவிடும்.

ஒப்பந்தத்தைப் போன மாதம் புதுப்பித்தேன். பயோடீசல் பகுதியை எடுத்துவிட்டோம். தண்ணீர்ப் பகுதி அப்படியே இருக்கிறது, ஒரே ஒரு வரி மட்டும் நான் சேர்த்தது: மாதிரிகளில் ஒன்று விடியற்காலை ஐந்து மணிக்கு எடுக்கப்பட வேண்டும், அவர்களுடைய ஆளும் கூட இருக்க வேண்டும். அவர்கள் தரப்பில் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள், பிறகு கையெழுத்துப் போட்டார்கள். முதல் ஐந்து மணிக்கு அந்தப் பொறியாளர் தம்பிதான் வந்தார், தூக்கக் கலக்கத்தில். ரீடிங் 14.